வெளிறிய கடலும் எண் 3/15-உம்: நீர்ப் படங்களின் சேகரிப்பு ஒன்றை மதிப்பிட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உட்பட்ட சேகரிப்பில் 19 அச்சுப்படிகள் இருந்தன. அத்தனையிலும் பொருள் நீர் ஒன்றே: திறந்த கடல், ஆற்றின் மேற்பரப்பு, குளத்தில் மழைத்துளி எழுப்பும் வளையங்கள், நீச்சல் குளத்தின் தரையில் நெளியும் வெயில். வேறு எதையும் வாங்குவதில்லை என்ற உறுதியோடு ஒருவர் 22 ஆண்டுகளில் அவற்றைச் சேர்த்திருந்தார். அவர் மறைந்த பிறகு அவருடைய மனைவி, மகள், மகன் மூவரும் இரண்டு காரணங்களுக்காக மதிப்பீட்டை நாடினர். ஒன்று, சேகரிப்பைக் காப்பீடு செய்ய வேண்டும். மற்றொன்று, மகளுக்கும் மகனுக்கும் அதைச் சமமாகப் பிரித்துத் தர வேண்டும். மதிப்பீட்டை நான் ஏற்றேன். தாள் பொருள்களைப் பாதுகாப்பதில் பயிற்சி பெற்ற ஒருவர் உடன் பணியாற்றினார்.

மறைந்தவர் ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய நாள், விலை, பதிப்பு எண் (3/15 என்றால் 15 படிகளில் மூன்றாவது), கையொப்பம் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதியிருந்தார். பல சேகரிப்பாளர்களிடம் இந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது. அவருடைய குறிப்பேடு இல்லையென்றால் எங்கள் பணி பாதியில் நின்றிருக்கும். ஆனால் ஓரத்தில் பென்சிலால் அவ்வப்போது எழுதிவந்த 'இன்றைய மதிப்பு' என்ற எண்களே பின்னர் சிக்கலுக்கு வித்திட்டன. அந்த எண்களின்படி, கூடத்தில் மாட்டியிருந்த ஒரு பெரிய கடல் படம் மட்டும் மொத்தச் சேகரிப்பின் மதிப்பில் பாதிக்கும் மேல். மகள் அந்தப் படத்தைத் தான் வைத்துக்கொள்வதென்றும், ஈடாக மற்றவற்றில் பெரும்பகுதி தம்பிக்குப் போவதென்றும் குடும்பத்துக்குள் ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

விலைகளை நாணயத்தில் குறிப்பிடாமல், 19 படங்களின் மொத்தக் கொள்முதல் செலவை 100 என்று கொண்டு எண்களைத் தருகிறேன். பெரிய கடல் படம் வாங்கிய விலை அதில் 34. மேசை இழுப்பறையில் பெட்டியோடு கிடந்த ஆறு எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோடுகளிலிருந்து எடுக்கும் அச்சு) படங்களின் தொகுப்புக்குக் கொடுத்தது 9.

முதல் நாளில் கண்டவை

விலையைப் பேசுவதற்கு முன், ஒவ்வொன்றும் என்ன பொருள் என்பதை வகைப்படுத்தினோம். நான்கு வெள்ளி ஜெலட்டின் (வெள்ளித் துகள்களால் உருவம் பெறும்) கறுப்புவெள்ளைப் புகைப்படங்கள், மூன்று பிக்மென்ட் (நிறமித் துகள்) இங்க்ஜெட் அச்சுகள், இரண்டு குரோமோஜெனிக் (சாயங்களால் நிறம் பெறும்) வண்ணப் புகைப்படங்கள், ஆறு எட்சிங், இரண்டு லித்தோகிராஃப் (கல்லிலோ தகட்டிலோ வரைந்து எடுக்கும் அச்சு), ஒரு மரச்செதுக்கு அச்சு என்று 18 படங்கள் தெளிவாயின. பத்தொன்பதாவது படம் குறிப்பேட்டில் லித்தோகிராஃப் என்று இருந்தது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தபோது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சிறு பூ வடிவில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. கல்லிலோ தகட்டிலோ கையால் வரைந்த கிரேயான் மணிகளின் ஒழுங்கின்மை எங்கும் இல்லை. புறஊதா விளக்கில் தாள் நீலவெண்மையாக ஒளிர்ந்தது; வெண்மையூட்டி சேர்த்த நவீனத் தாளின் அறிகுறி அது. கையொப்பமும் 112/950 என்ற எண்ணும் உண்மையான பென்சிலில் எழுதப்பட்டவையே. ஆயினும் அது நீர்வண்ண ஓவியம் ஒன்றின் ஆப்செட் (புத்தகமும் சுவரொட்டியும் அச்சிடும் இயந்திர முறை) மறுபதிவு. ஓவியர் அச்சுக்கென்று உருவாக்கிய மூலப் படைப்பு அன்று.

புள்ளிகளை மட்டும் பார்த்து ஒரு படத்தைத் தள்ளிவிடவும் கூடாது. அமெரிக்கக் கலைஞர் ரோனி ஹார்ன் 1999-ல் தேம்ஸ் ஆற்றின் மேற்பரப்பை எடுத்து உருவாக்கிய 15 படங்களின் வரிசை ஆப்செட் முறையில்தான் அச்சாயிற்று. அங்கே அச்சுதான் படைப்பு. கலைஞர் எதை இறுதிப் பொருளாகக் கருதினார் என்ற கேள்விக்கு உருப்பெருக்கி விடை தராது; ஆவணங்களே விடை தரும். எங்களிடமிருந்த 112/950-க்கு மூல ஓவியம் தனியே இருப்பதாகச் சான்றிதழே கூறியதால் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

எட்சிங் தொகுப்பைத் திறந்த நேரம் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தபோது, மழைத்துளியின் ஒவ்வொரு வளையமும் தாளுக்கு மேல் மெல்லிய மேடாக எழுந்து நிழல் விட்டது. படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளம் கூர்மை குறையாமல் இருந்தது. ஆறு தாள்களிலும் ஒரே எண், 11/30. பெட்டியின் அடியில் இருந்த விவரத்தாளில் அச்சுக்கூடம், தாளின் வகை, 30 தொகுப்புகளுக்கு மேல் கலைஞர் தமக்கென ஒதுக்கிய படிகளின் எண்ணிக்கை, அச்சு முடிந்ததும் மேலும் அச்சிட முடியாதபடி தகடுகளில் கோடு கிழிக்கப்பட்ட செய்தி ஆகிய அனைத்தும் அச்சிடப்பட்டிருந்தன. இந்தத் தொகுப்பை மகளும் மகனும் மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்வதென்று குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.

அதே நாளில் நான் ஒரு தவறு செய்தேன். கூடத்துப் பெரிய படம் எவ்வளவு பெறும் என்று மகள் கேட்டதற்கு, ஃபிரேமைக் கழற்றுவதற்கு முன்பே, 'வாங்கியதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு' என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன்.

பெரிய கடல் படம்

120-க்கு 150 சென்டிமீட்டர் அளவுள்ள குரோமோஜெனிக் புகைப்படம் அது. முகப்பக்கம் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகட்டின் பின்புறத்தோடு நிரந்தரமாக ஒட்டப்பட்டு, மரப் பெட்டி ஃபிரேமுக்குள் இருந்தது. படத்தின் மேல்பாதி மூடுபனி வானம், கீழ்ப்பாதி அலையடங்கிய கடல், நடுவே இருக்கிறதா இல்லையா என்று ஐயுற வைக்கும் தொடுவானக் கோடு. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-ல் தொடங்கிய கடல் வரிசைக்குப் பிறகு இந்த அமைப்பைப் பலரும் தத்தம் வழியில் கையாண்டிருக்கிறார்கள். அவருடையவை வெள்ளி ஜெலட்டின் அச்சுகள், இதுவோ சாயத்தால் ஆன வண்ணப்படம். இரண்டும் வயதாகும் விதம் முற்றிலும் வேறு.

மூன்றாம் முறை சென்றபோதுதான் ஃபிரேமைக் கழற்றினோம். ஃபிரேமின் உதடு மறைத்திருந்த 8 மில்லிமீட்டர் பட்டை நான்கு ஓரங்களிலும் வெளிப்பட்டது. அந்தப் பட்டைக்குள் கடல் குளிர்ந்த சாம்பல் நீலமாக இருந்தது. பட்டைக்கு வெளியே அதே கடல் வெளிறி, பாசி படிந்ததுபோல் பச்சை தட்டிப் போயிருந்தது. மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) சாயம் மற்றவற்றைவிட விரைவாக வெளிறியதன் விளைவு இது. மகள் வெகுநேரம் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா வாங்கி வந்த அன்று கடல் இந்த நிறத்தில்தான் இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று மட்டுமே எங்களால் சொல்ல முடிந்தது.

படம் 14 ஆண்டுகள் திரையில்லாத பெரிய சன்னலுக்கு எதிரே தொங்கியிருக்கிறது. நண்பகலில் அந்தச் சுவரில் ஒளியை அளந்தோம். 600 லக்ஸுக்கு (ஒளிச்செறிவின் அலகு) மேல் காட்டியது. வெளிறக்கூடிய தாள் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் அளவையே, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே, அனுமதிக்கின்றன. நீர்ப் படங்களில் இந்தச் சேதம் மற்றப் படங்களைவிடக் கடுமையாகத் தெரிவதை நான் தொடர்ந்து கண்டுவந்திருக்கிறேன். மனித முகமோ கட்டடமோ உள்ள படத்தில் நிறம் சற்று விலகினாலும் உருவம் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. பனிமூடிய கடலில் நிறத்தின் நுண்ணிய படிநிலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அது போனால் படமே போய்விடுகிறது. அக்ரிலிக்கின் மேற்பரப்பில் துடைத்ததால் ஏற்பட்ட மெல்லிய கீறல்களும் இருந்தன. படத்தைச் சிதைக்காமல் அந்தத் தகட்டை மாற்றும் நம்பகமான வழி இல்லை என்று உடன் பணியாற்றியவர் எழுதிக் கொடுத்தார்.

பதிப்பைக் கணக்கிட்டது

படத்தின் பின்புறத் தாளில் கையொப்பத்தோடு 3/15 என்று இருந்தது. உலகில் இந்தப் படம் 15 மட்டுமே உண்டு என்று குடும்பம் நம்பியது. மறைந்தவரும் அப்படியே நம்பியதாகக் குறிப்பேடு காட்டுகிறது. சான்றிதழை வரிவரியாகப் படித்தபோது 'இந்த அளவில்' என்ற சொற்கள் கண்ணில் பட்டன. புகைப்படக் கலைஞரின் ஸ்டுடியோவுக்கு எழுதி, ஏழு வாரங்களுக்குப் பின் பதில் பெற்றோம். பெரிய அளவில் 15 படிகளும் கலைஞர் தமக்கென ஒதுக்கிய இரண்டும். சிறிய அளவில் 25 படிகளும் மூன்றும். எட்டு ஆண்டுகள் கழித்து வெளியிட்ட இடைப்பட்ட அளவில், பிக்மென்ட் அச்சாக, ஆறு படிகளும் இரண்டும். எண்ணிட்டவை 46, ஒதுக்கியவற்றையும் சேர்த்தால் 53.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. அளவுக்கு ஒரு பதிப்பு என்பது புகைப்படச் சந்தையில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். ஆனால் பதிப்பு எண்ணின் பொருள், எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரி நெறிமுறை, கையொப்பமும் எண்ணும் இட்ட புகைப்படத்தைக் கலைப்படைப்பாக ஏற்க, எல்லா அளவுகளையும் எல்லா மவுண்ட் (படத்தை ஒட்டிப் பொருத்தும் முறை) வகைகளையும் சேர்த்து 30 படிகளையே வரம்பாக வைக்கிறது. மறுபுறம், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் தமது பழைய படங்களைப் பெரிய டிஜிட்டல் அச்சுகளாக 2012-ல் ஏலத்துக்கு விட்டபோது, முந்தைய பதிப்பை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தார்; வேறு அளவிலும் வேறு முறையிலும் அமைந்தவை புதிய பதிப்பே என்று கொண்ட நீதிமன்றம் 2013-ல் அவ்வழக்கைத் தள்ளியது. ஆகவே வாங்குபவர் தாமே கேட்டு எழுத்தில் பெறாவிட்டால், இந்த எண்ணிக்கையை அவருக்காக எவரும் காத்து நிற்பதில்லை.

குறிப்பேட்டின் ஓர எண்கள் எப்படி வந்தன என்பதும் இப்போது விளங்கியது. பதிப்பு விற்க விற்க எஞ்சிய படிகளின் விலையைக் கேலரிகள் படிப்படியாக உயர்த்துவது வழக்கம். அவர் கடைசிப் படிக்குக் கேலரி கேட்ட விலையை விசாரித்து, அதையே தம்முடைய மூன்றாம் படியின் மதிப்பாக எழுதிவந்திருக்கிறார். கேட்கும் விலையும் கைமாறிய விலையும் வேறு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மதிப்புகளைத் தனித்தனியே தருவதென்று முடிவு செய்தோம். காப்பீட்டுக்கு, இதே வகையிலும் நிலையிலும் உள்ள படியைக் கேலரியில் தேடி வாங்க ஆகும் செலவு. பிரிவினைக்கு, விற்கக் கட்டாயமில்லாத ஒருவர் பொதுச் சந்தையில் பெறக்கூடிய விலை. முதலாவது பொதுவாக உயர்ந்திருக்கும். அதைக் கொண்டு சொத்தைப் பிரித்தால், படத்தைப் பெற்றுக்கொள்பவர் என்றுமே கைக்கு வராத பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவராகிறார்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை அதே படம், அதே அளவு, அதே அச்சுமுறை, தெரிந்த நிலை என்று நான்கும் பொருந்திய ஏல விற்பனைகள் மட்டுமே. மகன் இரண்டு செய்திகளை முன்வைத்தார். ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் ரைன் ஆற்றுப் படம் 2011-ல் நியூயார்க்கில் 43 லட்சம் டாலரைக் கடந்தது. அதுவும் அக்ரிலிக்கில் ஒட்டிய வண்ணப் புகைப்படம்தானே என்பது ஒன்று. ஆறு படிகளே கொண்ட அந்தப் பதிப்பின் விலை அந்தக் கலைஞருக்கும் அந்தப் படத்துக்கும் உரியது; நீரும் அச்சுமுறையும் ஒத்திருப்பதால் விலை இடம் பெயர்ந்து வராது என்று விளக்கினேன். ஜப்பானிய ஓவியர் ஹோகுசாயின் 'பேரலை' அச்சின் படி ஒன்று 2023-ல் 27 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆகவே நீர்ப் படங்களுக்கு விலை ஏறிவருகிறது என்பது மற்றொன்று. இதை நான் வேறு விதமாகப் படித்தேன். 1831-ஐ ஒட்டி வெளியான அந்த மரச்செதுக்கு அச்சுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. பலகை தேயும்வரை ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். இன்று விலை பெறுபவை தலைப்புக் கட்டத்தின் கோடு முறியாமலும், வானத்து மேகத்தின் மங்கிய இளஞ்சிவப்பு மறையாமலும் எஞ்சிய ஆரம்பகாலப் படிகள். எத்தனை அச்சிட்டார்கள் என்பதைவிட, எத்தனை நல்ல நிலையில் எஞ்சின என்பதே அங்கு விலையைத் தீர்மானிக்கிறது. எங்கள் கையிலிருந்த கடலுக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தியது.

இவற்றின் அடிப்படையில் பெரிய கடல் படத்தின் சந்தை மதிப்பை 15 என்று வைத்தோம். முதல் நாளில் என் வாயிலிருந்து வந்தது 68. எட்சிங் தொகுப்பு முழுமையாக இருந்தால் 30. மூன்று மூன்றாகப் பிரித்தால் இரு பாதிகளும் சேர்ந்து 16. ஒரே எண்ணுள்ள ஆறு தாள், பெட்டி, விவரத்தாள் ஆகியவை ஒன்றாக இருப்பதையே வாங்குபவர் தேடுகிறார். பிரிக்கக் கூடாது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினோம். 112/950 எண்ணிட்ட மறுபதிவுக்கு ஃபிரேமின் விலையைத் தவிர வேறெதுவும் தரவில்லை.

மறுஅச்சு பற்றிய கேள்வி

ஸ்டுடியோவின் பதிலில் ஒரு முன்மொழிவும் இருந்தது. வெளிறிய படத்தைத் திருப்பி அனுப்பினால், உரிமையாளர் செலவில் பிக்மென்ட் முறையில் புதிதாக அச்சிட்டு, அதே 3/15 எண்ணை இட்டு, படமெடுத்த ஆண்டையும் மறுஅச்சு ஆண்டையும் குறித்துத் தருவார்கள். பழைய படியை அழித்து, அழித்ததற்கான சான்றையும் அனுப்புவார்கள். பதிப்பின் எண்ணிக்கை மாறாது. சாயப் புகைப்படங்கள் வெளிறிவரும் காலத்தில் இதைப் பல கலைஞர்கள் நேர்மையான ஏற்பாடாகவே கருதுகிறார்கள். சந்தையை மட்டும் பார்த்தால், புதிய படியின் மதிப்பை 40 அளவில் கணித்தோம். மறுஅச்சுச் செலவு 6.

மகன் இதை ஆதரித்தார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. என் அறிக்கை இரு வழிகளின் விளைவுகளையும் எண்ணோடு தந்தது. பரிந்துரை எதையும் எழுதவில்லை. காலத்துக்குரிய அச்சு (படமெடுத்த காலத்தை ஒட்டி அச்சிட்டது) என்ற தகுதி போய்விடும் என்பதையும், பிக்மென்ட் அச்சில் மூடுபனியின் மங்கல் சற்று வேறாக அமையக்கூடும் என்பதையும், ஸ்டுடியோ இயங்கிவரும் காலம்வரை மட்டுமே இந்த வாய்ப்பு இருக்கும் என்பதையும் சேர்த்திருந்தேன்.

பின் நடந்தவை

மகள் மறுஅச்சு வேண்டாம் என்றார். தந்தை 14 ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த தாள் இதுதான் என்பதே அவர் சொன்ன ஒரே காரணம். படம் 15 என்ற மதிப்பிலேயே அவர் பங்கில் சேர்ந்தது. குறைந்ததை ஈடுசெய்ய இரண்டு வெள்ளி ஜெலட்டின் படங்களும் ஒரு லித்தோகிராஃபும் அவருக்குப் போயின. எட்சிங் தொகுப்பு முழுதாக மகனிடம் சென்றது. முதல் நாள் நான் சொன்ன எண்ணை மகள் மறக்கவில்லை. மதிப்பு தவறாகக் குறைக்கப்பட்டதோ என்ற ஐயம் சில வாரங்கள் நீடித்தது. அவர் தாமே வேறொரு மதிப்பீட்டாளரை அழைத்தார்; அந்த மதிப்பீட்டாளர் தந்த எண் 13. அதற்குப் பிறகே பிரிவினைப் பத்திரத்தில் கையொப்பமிட்டார்.

ஒன்றரை ஆண்டு கழித்து மகன் இரண்டு படங்களை ஏலத்துக்குக் கொடுத்தார். மரச்செதுக்கு அச்சு எங்கள் மதிப்பீட்டின் மேல்வரம்பில் விலை போனது; ஏல நிறுவனத்தின் கழிவு போக அவர் கைக்கு வந்தது கீழ்வரம்பை ஒட்டி நின்றது. பிக்மென்ட் அச்சு விலை போகவில்லை. அதன் பதிப்பில் பாதிப் படிகள் இன்னும் கேலரியில் விற்காமல் இருந்தன என்பதை நாங்கள் விசாரித்திருக்க வேண்டும். கேலரியிலேயே புதிய படி கிடைக்கும்போது ஏலத்தில் போட்டியிட ஆள் இருக்காது.

காப்பீட்டு நிறுவனம் நிலைக் குறிப்போடு கூடிய மதிப்பை மறுப்பின்றி ஏற்றது. ஓரப் பட்டையின் புகைப்படம் அந்த ஆவணத்தில் இணைக்கப்பட்டுள்ளது.

மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வுக்குப் பின், ஃபிரேமைக் கழற்றிப் பார்க்காத எந்தப் படத்துக்கும் நான் வாய்மொழியாக எண் சொல்வதில்லை. நிரந்தரமாக ஒட்டிய படமானால் குறைந்தது ஓர் ஓரத்தையாவது வெளிப்படுத்திப் பார்க்க அனுமதி கேட்கிறேன். பதிப்பு விவரக் கடிதத்தில் இப்போது நான்கு கேள்விகள் உள்ளன: எல்லா அளவுகளையும் சேர்த்து எத்தனை படிகள், ஒதுக்கிய படிகள் எத்தனை, இன்னும் விற்காதவை எத்தனை, மறுஅச்சுக்கு ஸ்டுடியோவின் நடைமுறை என்ன. மூன்றாவது கேள்வி அந்த விலை போகாத படத்தால் சேர்ந்தது. ஒளியளவு முதல் நாளிலேயே எடுக்கப்படுகிறது; இந்த வீட்டில் நாங்கள் மூன்றாம் முறைதான் எடுத்தோம், அதற்குள் படம் மேலும் ஒன்பது வாரம் அதே வெயிலில் இருந்துவிட்டது. அந்தத் தாமதத்துக்கு நானே பொறுப்பு.

கடல் படம் இப்போது மகளின் வீட்டில், சன்னல் இல்லாத உட்சுவரில், 50 லக்ஸுக்குக் கீழ் தொங்குகிறது. பழைய ஃபிரேமையே மீண்டும் பூட்டச் சொன்னோம், ஓரப் பட்டை மறைந்தே இருப்பதற்காக. ஆண்டுக்கு ஒரு முறை ஃபிரேமைக் கழற்றிப் பட்டையின் நிறத்தையும் நடுக்கடலின் நிறத்தையும் நிறமானியால் அளந்து அதே குறிப்பேட்டில் எழுதுகிறோம். இதுவரை மூன்று அளவீடுகள் எடுத்திருக்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முதல் அளவீட்டில் இருந்தபடியே இருக்கிறது.